முந்திப் போகிற கை

அந்த அக்கா ஓடி நான் பார்த்ததே இல்லை. ஓட முடியாது என்பது ஒரு காரணம். வலது கால் முழங்காலுக்குக் கீழே கோணல். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன இடத்தில் கிளை முறிந்து காலில் விழுந்து, எலும்பை யாரோ கட்டி, அது தன் இஷ்டத்துக்குச் சேர்ந்துகொண்டது. ஆளும் நல்ல கனம். நடந்தால் கொட்டகையின் பலகைத்தரை முனகும். இப்படிப்பட்டவரைப் பிடித்துத்தான் எங்கள் தோட்டத்தில் ஆயாக் கொட்டகைக்குப் போட்டிருந்தார்கள். அம்மாக்கள் எல்லாம் வேலைக்குப் போன பிறகு, தவழுகிறது, நடக்கிறது, எகிறிக் குதிக்கிறது என்று அத்தனை பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. ஓடுகிற பிள்ளைகளுக்கு ஓட முடியாத ஆயா என்று வெளிக்காட்டில் வேலை செய்துகொண்டே நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

என் பையனைக் கொண்டுபோய் விடுகிற நாள் வந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து சிரம்பானைப் பிடித்த சமயத்தில் பிறந்தவன் அவன். வெள்ளைக்காரத் துரை எங்கோ ஓடிப்போய்விட்டார். ஆபீஸ் கணக்கெழுதுகிற பெரிய கிராணிதான் தோட்டத்தை நடத்தினார். ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி கண்ணில் படுவதில்லை, மரத்தைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொல்லி உத்தரவு. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் ரேஷன் கிடையாது. வேறு வழியில்லாமல்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன்.

அக்கா மூன்று படி ஏறினதும் வரும் வாசல் நிலைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். கோணல் காலை நீட்டி, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு. அது அவருடைய இடம், வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். பக்கத்தில் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய மரவள்ளிக் கஞ்சிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை எப்போது பால் குடித்தான், சளி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர், பேச்சு நடுவில் பானையை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். பானையை அவர் பார்க்கக்கூட இல்லை. ஏதோ இடைஞ்சலாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், மூலையில் ரப்பர் கொட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து ஓடிவந்தாள். பானை இருந்த இடத்துக்கே வந்து நின்று, ஏமாந்துபோய் வெறும் பலகையைப் பார்த்தாள்.

நான் அக்காவின் கையையே பார்த்தேன்.

"எப்படிக்கா தெரிஞ்சிச்சி? அது எந்திரிக்கவே இல்லியே!"

"எந்திரிக்கலதான். அது கண்ணு வந்து பானைய ஒரு தடவ தொட்டுட்டுப் போச்சி. அப்புறம் கால் கட்டைவிரலு இந்தப் பக்கம் திரும்பிச்சி. மத்த ஒடம்பு வந்து சேர நேரம் ஆவும் லா. நீ பிள்ளைய குடுத்துட்டுக் கெளம்பு, மண்டோரு கத்துவாரு."

அன்றைக்கு வெளிக்காட்டில் எனக்கு வேலையே ஓடவில்லை. மற்றவர்களின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. சேறு தெரிந்தது, அவ்வளவுதான்.

பிறகு பழகப் பழகப் புரிந்தது. ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் நம் உடம்பு அதை உள்ளுக்குள் ஒருமுறை செய்து பார்த்துவிடுகிறது போலிருக்கிறது. கண் முதலில் அந்த இடத்துக்குப் போய்வருகிறது. தோள் லேசாக இறங்குகிறது. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. அதற்கப்புறம்தான் கையோ காலோ கிளம்புகிறது. நாமெல்லாம் கிளம்பின பிறகுதான் பார்க்கிறோம். அக்கா அந்த முதல் தடவையைப் பார்த்தார். பார்த்த உடனே அவருடைய கையும் கிளம்பிவிட்டது. பார்த்து, யோசித்து, முடிவு பண்ணி, கையை நீட்டுவது என்று நமக்கு நாலு வேலை. அவருக்கு அது ஒரே வேலை. இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் எரிச்சல்பட்டார்.

"நான் எங்கடி செய்யிறேன்? கைய நான் அனுப்புறதே இல்ல. அதுவா போவுது. போன பெறகு எனக்கே தெரியிது."

பெரியவர்களிடமும் அவருக்கு இது பலித்தது. அதனால் வந்த வம்பும் உண்டு. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இரண்டு பங்காளிகள். மரவள்ளிக் கொல்லைக்கு வேலி போட்டதில் யார் வேலி யார் பக்கம் வந்தது என்று ஒரு சாயங்காலம் வாய்ச்சண்டை. வழக்கமான சண்டைதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா குழாயடியில் குடத்துக்குக் காத்திருந்தார். திடீரென்று மூத்தவனின் பெண்சாதியைக் கூப்பிட்டு, "அந்தச் செவத்துல சொருவியிருக்கே பாராங்கு, அத எடுத்து உள்ள வை" என்றார். அவள் விழித்தாள். "வையின்னா வையி!" என்று ஒரு அதட்டல். அவள் கத்தியை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போன மறு நிமிஷம், மூத்தவனின் கை பின்னால் நீண்டு வெறும் சுவரைத் தடவியது.

அவனுக்கே அதிர்ச்சி. சண்டையை மறந்துவிட்டு அக்காவிடம் வந்துவிட்டான்.

"என்னாக்கா, என்னைக் கொலகாரன்னு நெனச்சிட்டீங்களா? சத்தியமா நான் கத்திய நெனக்கவே இல்ல!"

"நீ நெனக்கல தம்பி. ஒன் கையி நெனச்சிருச்சி."

அவன் அப்படியே குழாயடியில் உட்கார்ந்து அழுதான். தம்பிக்காரனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தத்தித் தத்தி வீட்டுக்குப் போனார். அதன்பின் கொஞ்ச நாள் அவர் வருகிறார் என்றால் ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மரியாதை என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். பயம்தான், வேறென்ன. எனக்கும் இருந்தது. என் மாமியாரைப் பற்றி நான் மனசுக்குள் நினைத்ததெல்லாம் என் முழங்கையில் தெரிந்துவிடுமோ என்று.

ஆனால் அவர் வயிறு குலுங்கச் சிரித்ததும் இதனால்தான். கொட்டகைக்கு எதிரே இருந்த பால்மரங்களை வெட்டிச் சாய்த்து, அடிக்கட்டைகளையும் தோண்டி விறகுக்கு எடுத்துவிட்டு, அந்த இடம் முழுக்க மரவள்ளி நட்டிருந்தோம். வெட்டவெளி. ஒரு மதியம் நாங்கள் பெண்கள் கூட்டமாக அந்த வெளியைக் கடந்து பிள்ளைகளை வாங்க வந்தோம். அக்கா தூரத்திலிருந்தே எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். வெற்றிலைச் சாறு சேலையில் வழிகிற அளவுக்குச் சிரிப்பு.

"என்னாக்கா?"

"திரும்பிப் போயி மறுபடி நடந்து வாங்கடி. நீங்களே பாருங்க."

ஒருத்தியை அனுப்பி நடக்கவிட்டுப் பார்த்தோம். அவள் நேராக வரவில்லை. கொஞ்சம் வந்து இடுப்பை ஒடித்து வலப்பக்கம் வளைந்தாள். பிறகு நேரானாள். பிறகு மறுபடி வளைந்தாள். அவள் வருஷக்கணக்காகப் பால் வெட்டிய மர வரிசை, அவள் நிரை அது. ஒவ்வொரு மரம் இருந்த இடத்திலும், பால் வெட்டுகிற பட்டைப் பக்கம் சுற்றிக்கொண்டு போவதுபோல அவள் கால் சுற்றிக்கொண்டு வந்தது. மரம் இல்லை, கட்டை இல்லை, வேர் இல்லை. அவளுக்கு அது தெரியவே இல்லை. "நேராத்தானே வந்தேன்?" என்றாள்.

"மரம் போயிருச்சி லா, ஒங்க காலு இன்னும் அதுக்கு வழி விடுது!" என்றார் அக்கா. எங்களுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "ஆம்பளைங்களும் இப்பிடித்தான் நடக்கிறாங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். அது ஏன் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அதற்குள் வந்துவிட்டது. முதலில் சம்பளம், அரிசி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கடுதாசியும் இல்லை. அப்புறம் ஆசை காட்டுவதை விட்டுவிட்டார்கள். லோரி வரும், பெரட்டுக் களத்தில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவதற்குள் கைக்கு அகப்பட்ட ஆண்களை ஏற்றிக்கொண்டு போகும். புக்கிட் பெலண்டோக் பக்கம் அப்படி அள்ளிக்கொண்டு போனதாகச் சேதி வந்த அன்று எங்கள் லயத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் தைரியமாக இருந்தார். தோட்டத்துப் பந்தாட்டத்தில் பேர் வாங்கியவர். அவர் காலுக்கு ஈடு கிடையாது என்று ஊரே சொல்லும். லோரிச் சத்தம் கேட்டால் மரவள்ளி வெளியை ஒரே ஓட்டத்தில் கடந்து, எல்லைக்கு அப்பால் இருக்கிற பெலுக்கார் புதர்க்காட்டுக்குள் பூந்துவிடுவதாக அவர் திட்டம். அக்காவிடம் அதைப் பெருமையாகச் சொன்னார்.

"நீ போய்ச் சேர மாட்டே தம்பி" என்றார் அக்கா.

"என்னாக்கா இப்பிடிச் சொல்றீங்க! நான் ஓடுனா..."

"நீ ஓடுவே. ஒன் காலு மரத்தச் சுத்தும். அவன் குண்டு மரத்தச் சுத்தாது. கொட்டாய்க்கு வந்திரு. மேல பரண் இருக்கு."

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். பிள்ளைகளின் மூத்திரத் துணி போடுகிற பரணில் ஆம்பிளை போய் ஒளிவதாவது என்று வீட்டில் வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

லோரி வந்தது மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், நல்ல வெயிலில். நான் வெளியின் ஓரத்தில் களை கொத்திக்கொண்டிருந்தேன். விசில் சத்தம். ஆண்கள் சிதறி ஓடினார்கள். என் வீட்டுக்காரரும் ஓடினார். அக்கா சொன்னது அப்படியே நடந்தது. உயிருக்கு ஓடுகிற மனுஷன் நேராக ஓடவில்லை. வளைந்து, நேராகி, மறுபடி வளைந்து, இல்லாத மரங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடினார். அவரோடு ஓடியவர்களும் அப்படியே. இரண்டு சிப்பாய்கள் குறுக்கே நேர்கோடாக வந்துகொண்டிருந்தார்கள். பாதி வெளியில் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று திரும்பி, மரவள்ளிச் செடிகளுக்குள் குனிந்து, கொட்டகையின் பின்பக்கம் போனார். மற்றவர்கள் பெலுக்கார் ஓரத்தில் பிடிபட்டார்கள்.

பின்பக்கப் பலகைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்ததாம். அதை அவர் பிற்பாடு சொன்னார். அக்கா உள்ளே வரவேற்கக்கூட இல்லை, முன்வாசலில் தன் இடத்தில் உட்கார்ந்தபடி, திரும்பாமலே, "ஏணிய மேல இழுத்துக்க" என்று மட்டும் சொன்னாராம். பிள்ளைகளில் பாதி தூக்கம். என் பையன் தூங்கவில்லை. ஒன்றரை வயது அவனுக்கு. அப்பா பரண் மேலே ஏறுவதை அவன் பார்த்துவிட்டான்.

நான் கொட்டகைக்கு ஓடினேன். பிள்ளையை எடுக்கப் போகிறேன் என்று பேர். படிக்குக் கீழே நான் போய்ச் சேர்ந்ததும், எனக்குப் பின்னாலேயே ஒரு சிப்பாயும் எங்களை வேலை வாங்குகிற மண்டோரும் வந்தார்கள். சிப்பாய்க்கு முன்னால் குனிந்து வணங்க வேண்டும், அது அப்போதைய சட்டம். நான் இடுப்பு மடியக் குனிந்தேன். அந்த வணக்கத்தை அன்றைக்கு ஒருநாள் நான் மனசார விரும்பினேன். தலை தரையைப் பார்த்திருக்கும் வரை என் கண் பரணுக்குப் போகாது.

அந்தச் சிப்பாய் கொட்டகையைப் பார்க்கவில்லை. எங்கள் கண்களைப் பார்த்தான். அக்காவைப் போலவே அவனுக்கும் அந்த வித்தை தெரிந்திருந்தது. கையிலிருந்த கம்பை என் தாடைக்கு அடியில் கொடுத்து முகத்தை நிமிர்த்தினான். என் கண் எங்கே போகிறது என்று காத்திருந்தான். எனக்கு எதிரே திறந்த வாசல். வாசலுக்கு மேலே, உள்ளே, பரண். நான் என் பையனைப் பிடித்துக்கொண்டேன், கண்ணால். பையன் மேல்படியின் விளிம்பில், எங்களுக்கு முதுகு காட்டி, உள்பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அக்கா அவனுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

பையனின் தலை மெல்ல மேலே போனது. அவன் பரணைப் பார்க்கிறான். தோள் அசைந்தது. அடுத்து கை மேலே போகும், விரல் நீளும், 'ப்பா' என்பான். அதுவரை எனக்குத் தெரியாத அந்த முதல் தடவை அன்றைக்கு எனக்கே தெரிந்தது. சிப்பாயின் முகம் என்னை விட்டு அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது.

ஒன்றரை வயதுப் பிள்ளை நேர் மேலே அண்ணாந்து பார்த்தால் என்ன ஆகும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். உடம்பைவிடத் தலை கனம். பின்பக்கம் சாயும். அவனுக்குப் பின்னால் மூன்று படி, படிக்குக் கீழே செம்பாறைக் கல்.

அக்காவின் வலது கை கிளம்பியது. நான் பார்த்தேன். எப்போதும் போல அவரைக் கேட்காமலே, அவன் முதுகு எங்கே வரப்போகிறதோ அந்த இடத்துக்குப் புறப்பட்டது. பாதி வழியில் அவருடைய இடது கை வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து, மடியில் வைத்து அழுத்தியது.

பிள்ளை விழுந்தான். ஒவ்வொரு படியிலும் உருண்டு, சிப்பாயின் பூட்ஸுக்குப் பக்கத்தில் வந்து கிடந்தான். நெற்றியிலிருந்து ரத்தம். ஒரு கணம் சத்தமே இல்லை. அப்புறம் கத்தினான் பாருங்கள், அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாருடைய கண்ணும் தரைக்கு வந்துவிட்டது. சிப்பாயின் கண்ணும்தான்.

அவன்தான் முதலில் குனிந்தான். பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தான். அவன் சட்டைக் கையெல்லாம் ரத்தம். பிறகு படியேறி, அக்காவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. அக்கா தலை குனிந்து வாங்கிக்கொண்டார். அவன் ஏதோ கத்தினான். மண்டோர் அதைத் தமிழில் சொன்னார்.

"பக்கத்துல ஒக்காந்துக்கிட்டே பிள்ளைய விட்டுட்டியாம். நீயெல்லாம் என்ன ஆயான்னு கேக்குறாரு."

அக்கா எழுந்து நின்று, கோணல் காலோடு, அவனுக்கு இடுப்பு மடிய வணங்கினார். லோரிப் பக்கமிருந்து விசில் ஊதியது. அவன் கொட்டகைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டான்.

லோரி போன சத்தம் அடங்கிய பிறகுதான் என் வீட்டுக்காரர் கீழே இறங்கினார். வாயில் ஒரு தூளித் துணியைக் கடித்திருந்தார், அதை எடுக்க மறந்துவிட்டார். "அவன் சத்தம் கேட்டதும் என் காலு எறங்கிருச்சி. ஒடம்ப மட்டும் எப்பிடியோ புடிச்சி வச்சிருந்தேன்" என்றார். அக்கா இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். இடது கை வலது மணிக்கட்டை விடவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நான்தான் விரல் விரலாகப் பிரித்துவிட்டேன். நகம் பதிந்த இடங்களில் ரத்தம் கசிந்தது. மஞ்சள் இருக்கும் இடத்தைக் காட்டி, "நீயே போடு அவனுக்கு, நான் தொடல" என்றார்.

எனக்கு அவர் மேல் அப்போது வந்தது நன்றி என்று சொன்னால் பொய். கொலைவெறி வந்தது. கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில். காயம் ஆறத் தொடங்கி, பையன் மறுபடி சிரிக்க ஆரம்பித்த பிறகு நான் கேட்டே விட்டேன்.

"அக்கா, அவனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"எங்க விழுவான்னு தெரிஞ்சிச்சி. எந்தப் படியில நெத்தி படும்னு தெரிஞ்சிச்சி. அதுக்கு மேல தெரியல."

அதற்கு முன்பும் பின்பும் நான் எத்தனையோ மனுஷர்களைப் பார்த்துவிட்டேன். கடவுளுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றியது அந்த ஒரு தடவைதான். அந்தப் பக்கத்தில் நிற்பது நன்றாக இல்லை, பயமாக இருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்து, ஒரு பெண் குழந்தை கொட்டகைப் பலகையில் தடுக்கி விழுந்தது. முழங்காலில் லேசான சிராய்ப்பு. வேறு எந்த ஆயாவாக இருந்தாலும் அது ஒரு விஷயமே இல்லை. அன்று சாயங்காலமே அக்கா பெரிய கிராணியிடம் போய், தன்னை மரவள்ளிக் கொத்துக்கு மாற்றிவிடச் சொல்லிவிட்டார். நாங்கள் பெண்கள் எல்லாரும் போய்க் கெஞ்சினோம். முழங்கால் அடிபட்ட குழந்தையின் அம்மாதான் ரொம்பக் கெஞ்சியவள்.

"இல்லடி. அதப் புடிக்கக் கை போச்சி, ஆனா நின்னு நின்னு போச்சி. நான் ஒரு வாட்டி அத நிக்கச் சொல்லிட்டேன். இனிமே ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுட்டுத்தான் போவும். கேட்டுட்டுப் போற கை பிள்ளையப் புடிக்காது."

மறுநாள் விடிந்ததும் அந்தக் காலோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்காட்டுக்கு வந்தார். மேட்டில் ஏறும்போது மண்வெட்டியை ஊன்றி ஊன்றி ஏறினார். கொட்டகையில் நல்ல காலுள்ள ஒருத்தியைப் போட்டார்கள். அவள் நாளெல்லாம் பிள்ளைகள் பின்னால் ஓடினாள்.

என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைத் தூக்கிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார் அக்கா. எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். என் வீட்டுக்காரர் பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. "நீங்க குடுத்த உசிரு இது, அக்கா" என்றார்.

"ஒனக்குத்தான் குடுத்தேன். ஆனா இவன்கிட்டேர்ந்து எடுத்துக் குடுத்தேன் தம்பி."

பையனுக்கு இதெல்லாம் என்ன தெரியும். நெற்றியில் தழும்போடு, அப்பாவின் இடுப்பிலிருந்தபடியே அக்காவைப் பார்த்துச் சிரித்தான். பிறந்ததிலிருந்து பகலெல்லாம் அவர் மடியில் கிடந்தவன். இரண்டு கையையும் நீட்டினான். அக்கா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டார். பையன் விடவில்லை, துள்ளினான். வலப்பக்கம் தாவினான், இடப்பக்கம் தாவினான். அவன் தாவுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு முறையும் அக்காவின் முகமும் தோளும் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தன. கைகள் மட்டும் பின்னாலேயே இருந்தன.